சோஃபி அட்லர்ஸ்பாரே: வாக்குரிமையை முன்னால் வைக்காதவர் பெண்ணுரிமைவாதியா?

வாசிப்புமேசை எழுதியது:

ஸ்வீடன் நாட்டுப் பெண்ணுரிமை வரலாறு என்றால் நம்மில் பலருக்கு இரண்டு பெயர்கள் நினைவுக்கு வரும். ஒருவர் நாவலாசிரியை ஃப்ரெட்ரிகா பிரேமர், மற்றவர் எல்லன் கே. பிரேமர் 1865 டிசம்பர் 31 அன்று இறந்தார். எல்லன் கே பெரிய பெயராக வளர்ந்தது அதற்கு 20, 30 ஆண்டுகள் கழித்து. நடுவில் இருந்த அந்த நீண்ட காலத்தில் வேலையைத் தாங்கிப் பிடித்தது யார்? பெரும் பங்கு ஒரு பத்திரிகை ஆசிரியைக்கு உரியது. அவரைப் பற்றித் தமிழில் எதுவும் என் கண்ணில் படவில்லை, அதனால்தான் இந்த இழை.

சோஃபி லெயோன்ஹூவுட் 1823 ஜூலை 6 அன்று ஸ்மோலாந்து பகுதியில் ஹெல்கெரும் என்ற பண்ணை மாளிகையில் பிறந்தார். அப்பா ராணுவ அதிகாரி, பிரபு பட்டம் உள்ள குடும்பம். வீட்டிலேயே பாடம், பிறகு ஸ்டாக்ஹோமில் உயர்குடிப் பெண்களுக்கான விடுதிப் பள்ளியில் இரண்டு ஆண்டுகள், அவ்வளவுதான் படிப்பு. பல்கலைக்கழகக் கதவு அன்று பெண்களுக்கு மூடியே இருந்தது.

1859-ல், தன் 36-வது வயதில், தோழி ரோசாலி ஒலிவேக்ரோனாவுடன் சேர்ந்து ஒரு பத்திரிகை தொடங்கினார். 'டிட்ஸ்க்ரிஃப்ட் ஃபோர் ஹெம்மெட்' என்று பெயர், 'இல்லத்துக்கான இதழ்' என்று சொல்லலாம். தொடக்கப் பணம் ஃப்ரெட்ரிகா லிம்னெல் என்ற வசதியான பெண்மணி கொடுத்தது. வடஐரோப்பிய நாடுகளில் பெண்களின் நிலையைப் பற்றிப் பேசுவதற்கென்றே வந்த முதல் பத்திரிகை இதுதான். 1860-களின் பிற்பகுதியில் ரோசாலி விலகிய பிறகு சோஃபி தனியாளாக 1885 வரை நடத்தினார். 'எஸ்ஸெல்டே' என்ற புனைபெயரில் எழுதுவார். 1869-ல், 46 வயதில், கடற்படை அதிகாரி ஆக்ஸெல் அட்லர்ஸ்பாரேயைத் திருமணம் செய்துகொண்டார். அவர் மனைவியை இழந்தவர். அவருடைய ஐந்து பிள்ளைகளுக்குச் சோஃபி சிற்றன்னை ஆனார். பத்திரிகை நிற்கவில்லை.

இவரை 'மிதவாதி' என்று ஒரு வரியில் தாண்டிப் போகும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. இவர் பத்திரிகையில் ஒரு குறையை எழுதுவார். கொஞ்ச நாளில் அந்தக் குறைக்கு ஒரு பள்ளியோ, அலுவலகமோ, சங்கமோ எழுந்து நிற்கும். எழுத்தையும் அமைப்பையும் இப்படி இணைத்துச் செய்தவர்கள் அந்தக் காலத்தில் எத்தனை பேர்? விவாதிக்கலாம் வாருங்கள்.

தேன்கூடு எழுதியது:

நல்ல தொடக்கம். ஒரு சந்தேகம். 1859-ல் ஸ்வீடன் பெண்ணுக்குச் சட்டப்படி என்ன நிலை? ராணிகள் ஆண்ட நாடு என்பதால் அங்கே எல்லாம் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழையசட்டம் எழுதியது:

தேன்கூடு, ராணி கிறிஸ்டினா 17-ம் நூற்றாண்டில் ஆண்டார் என்பதால் சாதாரணப் பெண்ணுக்கு ஒன்றும் மாறிவிடவில்லை.

1734-ல் வந்த பொதுச் சட்டத் தொகுப்பின்படி கணவனை இழந்த பெண் மட்டும்தான் தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ளலாம். திருமணமாகாதவள் எத்தனை வயதானாலும் மைனர். அப்பாவோ அண்ணனோ உறவுக்கார ஆணோ காப்பாளராக இருப்பார். சொத்து, ஒப்பந்தம், வழக்கு எல்லாம் அவர் கையெழுத்தில். திருமணமானால் கணவர் காப்பாளர். 1845-ல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வாரிசுரிமை கிடைத்தது. ஆனால் வந்த சொத்தைக் கையாளும் உரிமை இல்லை. பணம் அவள் பெயரில் இருக்கும், பெட்டிச் சாவி இன்னொருவரிடம் இருக்கும்.

1858-ல் முதல் விரிசல். 25 வயது தாண்டிய திருமணமாகாத பெண் நீதிமன்றத்தில் விண்ணப்பித்தால் சுயபொறுப்பு பெறலாம். கேட்டால்தான் கிடைக்கும். திருமணம் செய்தால் மறுபடி மைனர். 1863-ல் விண்ணப்பம் இல்லாமலே 25 வயதில் அந்த உரிமை வந்தது, 1884-ல் வயது 21 ஆகக் குறைந்தது. மணமான பெண்ணுக்கு முழு உரிமை 1920-ல் வந்த திருமணச் சட்டத்தில்தான்.

இந்த 1858 மாற்றத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்னால்தான் பிரேமரின் 'ஹெர்த்தா' நாவல் வெளிவந்து நாடு முழுக்கச் சண்டை மூட்டியிருந்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள் சோஃபியும் ரோசாலியும் பத்திரிகை தொடங்கியிருக்கிறார்கள். காலக்கணக்கு மிகச் சரியாக இருந்திருக்கிறது.

வாசிப்புமேசை எழுதியது:

நன்றி ஐயா. இன்னொன்றும் சேர்க்க வேண்டும். ரோசாலி வெறும் துணை ஆசிரியர் இல்லை. திருமணத்துக்கு முன் 1850-களின் முதல் பாதியில் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஆசிரியையாக வேலை பார்த்தவர். ஒரு பெண் கடல் கடந்து போய்ச் சம்பாதித்து வாழலாம் என்பதைத் தானே வாழ்ந்து பார்த்தவர். திரும்பி வந்து மணந்தது சட்டப் பேராசிரியர் க்னூட் ஒலிவேக்ரோனாவை, மரண தண்டனைக்கு எதிராக எழுதியவர் அவர். ஆகப் பத்திரிகையின் சட்டப் பக்கங்களுக்கு வலு எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது.

உழைப்பாளி72 எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் இது மேட்டுக்குடிப் பெண்களின் இயக்கம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பிரபு குடும்பம், வசதியான புரவலர், வரவேற்பறைக் கூட்டங்கள். வயலிலும் தொழிற்சாலையிலும் பிறர் வீட்டுச் சமையலறையிலும் வேலை செய்த ஸ்வீடன் பெண்ணுக்கு 'வேலை செய்யும் உரிமை' யாரும் வாங்கித் தர வேண்டியிருக்கவில்லை. அவள் ஏற்கெனவே முதுகொடிய உழைத்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்குத் தேவைப்பட்டது கூலியும் ஓய்வும் வாக்கும். அட்லர்ஸ்பாரே கேட்டதெல்லாம் படித்த நடுத்தரப் பெண்ணுக்குக் கௌரவமான வேலை. இதைப் பெண்ணுரிமை என்று மொத்தமாக அழைப்பது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

வாசிப்புமேசை எழுதியது:

> மேற்கோள்: "அட்லர்ஸ்பாரே கேட்டதெல்லாம் படித்த நடுத்தரப் பெண்ணுக்குக் கௌரவமான வேலை."

தோழர், உங்கள் கேள்வி நியாயமானது. அவருடைய வாசகர்கள் பெரும்பாலும் அதிகாரிகள், பாதிரியார்கள், பண்ணையார்களின் மகள்கள்தான். அதில் ஐயமில்லை.

ஆனால் அந்த மகள்களின் நிலையைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். அப்பா இருக்கும்வரை வீடு இருக்கும். அவர் போன பிறகு அண்ணன் வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ ஒரு மூலை. திருமணமாகாத பெண்களின் எண்ணிக்கை அந்த நூற்றாண்டில் கூடிக்கொண்டே போனது. வீட்டிலேயே நூற்று, நெய்து, மெழுகுவத்தி வார்த்த காலம் மாறி எல்லாம் கடையில் வாங்கும் காலம் வந்தபோது, அந்த வீட்டில் அவளுக்கு இருந்த பயனும் போய்விட்டது. வெளியே போய்ச் சம்பாதித்தால் குடும்ப மானம் போய்விடும் என்ற கட்டுப்பாடு மட்டும் போகவில்லை. பட்டினி இல்லாவிட்டாலும் இதுவும் அடிமைத்தனம்தான் என்பது என் எண்ணம்.

சோஃபி செய்ததைப் பாருங்கள். 1862-ல் பெண்களுக்கு மாலை வகுப்புகள் ஏற்பாடு செய்தார், தொழிலுக்கு உதவும் படிப்பு. 1863-ல் ஒரு நகலெழுத்து அலுவலகம் தொடங்கினார். தட்டச்சுப் பொறி வராத காலம், ஆவணங்களைக் கையால் பிரதி எடுக்க ஆள் தேவை. நல்ல கையெழுத்தும் சுத்தமான ஸ்வீடிஷும் உள்ள பெண்களுக்கு அங்கே கூலி கிடைத்தது. போகப் போக அது வேலை தேடித் தரும் இடமாகவும் ஆனது. அரச கலைக் கழகத்தில் பெண்களை முறையான மாணவிகளாகச் சேர்க்க வேண்டும் என்ற வாதத்திலும் குரல் கொடுத்தார். 1864-ல் அங்கே பெண்களுக்கான பிரிவு திறந்தது.

இவை சின்னக் காரியங்கள்தாமே என்று தோன்றலாம். ஆனால் சம்பாதிக்கும் வழி இல்லாதவளுக்கு 25 வயதில் சுயபொறுப்பு கொடுத்து என்ன பயன்? சட்டம் கொடுத்த உரிமையைப் பயன்படுத்தும் வலிமையை அவளிடம் சேர்க்கும் வேலையை அவர் எடுத்துக்கொண்டார்.

வெள்ளைச்சீருடை எழுதியது:

நான் செவிலியர். இந்தப் பெயரை எங்கள் தொழில் வரலாற்றின் வழியாகத்தான் அறிவேன், எனவே அந்தப் பகுதியை மட்டும் சொல்கிறேன்.

ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கம் 1865-ல் உருவானது. போர்க்காலத்துக்கும் அமைதிக்காலத்துக்கும் பயிற்சி பெற்ற செவிலியர் வேண்டும். ஆனால் நாட்டில் அப்படி யாரும் இல்லை. ஸ்டாக்ஹோமில் 1851 முதல் எர்ஸ்டா என்ற சமய அமைப்பு சகோதரிகளைப் பயிற்றுவித்தது, அவ்வளவுதான். மருத்துவமனைகளில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலையை மரியாதையான வேலையாக யாரும் கருதவில்லை. தகுந்த ஒரு பெண்ணைக் கண்டுபிடித்து இங்கிலாந்துக்குப் பயிற்சிக்கு அனுப்பும் பொறுப்பு சோஃபியிடம் வந்தது. தேர்வானவர் எம்மி ராப்பே. 1866-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் இருந்த நைட்டிங்கேல் பள்ளிக்குப் போனார். அடுத்த ஆண்டு திரும்பி உப்சாலாவில் புதிதாகத் திறந்த பல்கலைக்கழக மருத்துவமனையில் செவிலியர் பயிற்சியைத் தொடங்கினார். சமய அமைப்பைச் சாராத முதல் பயிற்சி அந்த நாட்டில் அதுதான்.

ராப்பேயும் பிரபு குடும்பத்துப் பெண். உழைப்பாளி தோழர் இதையும் மேட்டுக்குடிக் கணக்கில் எழுதலாம். ஆனால் ஒரு பிரபுவின் மகள் நோயாளியின் படுக்கையைச் சுத்தம் செய்யக் கற்றுக்கொண்டு வந்ததால்தான் அந்த வேலைக்கு மரியாதை வந்தது. அதற்குப் பிறகு ஏழை வீட்டுப் பெண்கள் அந்தச் சீருடையைத் தலைநிமிர்ந்து போட முடிந்தது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஸ்டாக்ஹோம்_ஈழவன் எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். நான் இங்கே பல காலமாக இருக்கிறேன். வாசிப்புமேசை அக்கா சொல்லாமல் விட்ட ஒன்று வாசக அறை. 1860-களின் பிற்பகுதியில் சோஃபியும் ஃப்ரெட்ரிகா லிம்னெலும் சேர்ந்து ஸ்டாக்ஹோமில் தொடங்கியது. நூல்களும் வெளிநாட்டுப் பத்திரிகைகளும் இருக்கும், பெண்கள் தனியாக வந்து இருந்து வாசிக்கலாம். அந்தக் காலத்தில் ஒரு பெண் துணையில்லாமல் வெளியே போய் இருக்கக்கூடிய இடம் தேவாலயம் தவிர வேறு என்ன இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கோ. படித்து வேலைக்குப் போக நினைத்த பிள்ளைகள் பலருக்கு அதுதான் பல்கலைக்கழகம் போல இருந்திருக்கும்.

அவர் 1874-ல் தொடங்கிய கைவேலைச் சங்கம், ஹாண்ட்அர்பேட்டெட்ஸ் வென்னர், இன்றைக்கும் இங்கே யூர்கோர்டன் தீவில் இயங்குகிறது. நெசவும் பூவேலையும் கற்பிக்கிறார்கள்.

பாவுநூல் எழுதியது:

ஈழவன் அண்ணா அந்தச் சங்கத்தைச் சொன்னதால் வந்தேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தறி உண்டு. அதனால் இந்த விஷயத்தில் எனக்குத் தனி அக்கறை.

வீட்டில் உட்கார்ந்து பூவேலை செய்யும் பெண்கள் எல்லா நாட்டிலும் இருந்தார்கள். அதைப் பொழுதுபோக்கு என்றுதான் உலகம் சொன்னது. விற்றால் சொற்பக் காசு, அதுவும் யாருக்கும் தெரியாமல் பின்வாசல் வழியாக விற்க வேண்டும். அதே நேரத்தில் ஆலைத் துணியும் அச்சடித்த மலிவு மாதிரிகளும் சந்தையை நிறைத்தன. கிராமத்துப் பழைய நெசவு வகைகள் மறையத் தொடங்கின. சோஃபி இந்த இரண்டு பிரச்சினைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார். பழைய நாட்டுப்புற வடிவங்களையும் நெசவு முறைகளையும் தேடி எடுத்து, ஓவியர்களை வைத்துப் புதிய வடிவங்கள் வரையச் செய்து, திறமையான பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, நல்ல கூலிக்கு வேலை கொடுப்பது. ஹன்னா விங்கே என்ற ஓவியர் இதில் அவருக்குப் பெரிய துணை. சோஃபி 1887 வரை அதன் தலைவராக இருந்தார்.

இங்கே எனக்குப் பிடித்தது, தரத்தில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை என்பது. பாவப்பட்ட பெண்கள் செய்தது, வாங்கிக்கொள்ளுங்கள் என்று இரக்கத்தைக் காட்டி விற்கவில்லை. துணியைப் பார்த்து வாங்குங்கள் என்றார். கைத்தொழிலை வைத்துத் தொண்டு செய்யும் எத்தனையோ அமைப்புகள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. இரக்கத்துக்கு விற்றது ஒரு முறை விற்கும். மறுமுறை வாங்க ஆள் வராது. தொடங்கி 150 ஆண்டுகள் தாண்டியும் அந்தச் சங்கம் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

உழைப்பாளி72 எழுதியது:

செவிலியர் தங்கை சொன்னதையும் பாவுநூல் சொன்னதையும் ஏற்கிறேன். ஆனால் தலைப்பில் இருக்கும் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையே. வாக்குரிமை? 1884-ல் ஸ்வீடன் நாடாளுமன்றத்தில் ஃப்ரெட்ரிக் போர்க் என்ற உறுப்பினர் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார், தோற்றது. அதே 1884-ல் அட்லர்ஸ்பாரே ஃப்ரெட்ரிகா பிரேமர் சங்கத்தைத் தொடங்குகிறார். அதற்குத் தலைவர் யார்? ஹான்ஸ் ஹில்டெப்ராண்ட் என்ற ஆண்! பெண்கள் சங்கத்துக்கு ஆண் தலைவர். இதை எப்படி எடுத்துக்கொள்வது?

பழையசட்டம் எழுதியது:

உள்ளாட்சி வாக்கு பற்றி ஒரு குறிப்பு. வரி கட்டும், சுயபொறுப்பு உள்ள பெண்களுக்கு 1862 முதலே நகராட்சித் தேர்தல்களில் வாக்கு இருந்தது. அதாவது திருமணமாகாதவர்களும் கைம்பெண்களும். சொத்தும் வருமானமும் இருந்தால்தான் அந்த வாக்குக்கே பொருள். பெண்கள் வருமானம் ஈட்ட வேண்டும் என்று சோஃபி வற்புறுத்தியதை இந்தப் பின்னணியோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

வாசிப்புமேசை எழுதியது:

ஆண் தலைவர் விஷயம் எனக்கும் வருத்தம்தான். ஹில்டெப்ராண்ட் நாடறிந்த தொல்பொருள் அறிஞர். அவர் பெயர் தலைப்பில் இருந்தால் அரசும் செய்தித்தாள்களும் காது கொடுக்கும் என்பது கணக்கு. உள்ளே வழிநடத்தியவர் சோஃபிதான். அந்தச் சமரசம் தேவையா என்று இன்று நாம் கேட்கலாம். ஆனால் அதே காலத்தில் 1885-ல் அரசு பெண்கள் பள்ளிகளை ஆராய ஒரு குழு அமைத்தபோது சோஃபியும் ஹில்டா கசெல்லியும் உறுப்பினர்களாக உட்கார்ந்தார்கள். ஸ்வீடனில் அரசுக் குழு ஒன்றில் பெண்கள் இடம்பெற்றது அதுதான் முதல் முறை. பின்னணியில் இருந்தே காரியம் முடித்தவர் என்று மட்டும் அவரைச் சொல்ல முடியாது, மேசைக்கு முன்னாலும் வந்து உட்கார்ந்தார். அரசின் மேல்நிலைப் பள்ளிகள் பெண் பிள்ளைகளுக்குத் திறந்தது 1927-ல்தான் என்பதைப் பார்த்தால் எவ்வளவு கெட்டியான சுவரோடு மோதினார்கள் என்று புரியும்.

வாக்குரிமை விஷயத்தில் என் பதில் இது. அவர் அதை முன்னால் வைக்கவில்லை, உண்மை. கல்வி, வேலை, சட்ட அறிவு இவற்றைத்தான் வைத்தார். சங்கம் பெண்களுக்குப் படிப்பு உதவித்தொகை கொடுத்தது, வேலை தேடித் தந்தது, சட்ட ஆலோசனை சொன்னது. 1889-ல் பள்ளிக் குழுக்களிலும் ஏழைகள் நல வாரியங்களிலும் பெண்கள் உறுப்பினராகலாம் என்று சட்டம் வந்தது. சோஃபி 1895 ஜூன் 27 அன்று இறந்தார். நான்கே ஆண்டுகள் கழித்து, 1899-ல், பிரதமர் பூஸ்ட்ரமிடம் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு ஒரு தூதுக்குழு போனது. அனுப்பியது எந்தச் சங்கம்? அதே ஃப்ரெட்ரிகா பிரேமர் சங்கம். அப்புறம் 1903-ல் வாக்குரிமைக்கென்றே தனிச் சங்கம் நாடு தழுவி எழுந்தது, 1921 தேர்தலில் பெண்கள் முதல் முறையாக நாடாளுமன்றத்துக்கு வாக்களித்தார்கள். கூட்டம் நடத்தவும், மனு எழுதவும், கணக்கு வைக்கவும், அமைச்சரைப் பார்த்துப் பேசவும் பழகிய பெண்கள் அந்த 1899-ல் தயாராக இருந்தார்களே, அவர்கள் எங்கே பழகினார்கள் தோழர்?

உழைப்பாளி72 எழுதியது:

அந்த 1899 தகவல் எனக்குப் புதிது. வாதத்தில் பலம் இருக்கிறது. ஆனால் தொழிலாளிப் பெண்கள் தங்கள் சங்கங்களைத் தாங்களே கட்டினார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். அதில் நான் மாறவில்லை.

நாடகக்கொட்டகை எழுதியது:

'மிதவாதி' பட்டத்துக்கு எதிராக என்னிடம் ஒரு சான்று இருக்கிறது. இப்சனின் 'பேய்கள்' நாடகம் 1881-ல் அச்சில் வந்தபோது வடஐரோப்பா முழுக்க அருவருப்பு, கண்டனம். பால்வினை நோய், கணவனின் ஒழுக்கக்கேடு, அதை மூடி மறைக்கும் குடும்ப கௌரவம் எல்லாம் அதில் வெளிப்படையாக வருகிறது. நாடக அரங்குகளே தொடத் தயங்கின. அப்போது ஸ்டாக்ஹோமில் அந்த நாடகத்தின் அறநோக்கை ஆதரித்துப் பொதுவில் சொற்பொழிவாற்றி, 1882-ல் அதை நூலாகவும் வெளியிட்டவர் 58 வயதான பிரபு குலத்துப் பெண்மணி சோஃபி அட்லர்ஸ்பாரே. ஆணுக்கு ஒரு ஒழுக்கம், பெண்ணுக்கு ஒரு ஒழுக்கம் என்பதை அவர் ஏற்கவில்லை.

ஆனால் அவர் கேட்டது ஆணும் பெண்ணும் ஒரே கட்டுப்பாட்டோடு இருக்க வேண்டும் என்பது. 1880-களில் இளைய எழுத்தாளர்கள் கேட்டது இருவருக்கும் சுதந்திரம். இந்த இடத்தில்தான் தலைமுறைப் பிளவு வந்தது. எல்லன் கே தன் தொடக்கக் காலக் கட்டுரைகளை 1870-களில் சோஃபியின் பத்திரிகையில்தான் எழுதினார். பிறகு இருவரின் வழிகளும் பிரிந்தன. தான் வளர்த்த எழுத்தாளரே தன்னைத் தாண்டிப் போவதைப் பார்ப்பது எந்த ஆசிரியருக்கும் எளிதில்லை.

தேன்கூடு எழுதியது:

செல்மா லாகர்லெவ் இவரோடு தொடர்புடையவர் என்று எங்கோ படித்த ஞாபகம். யாராவது உறுதி செய்வீர்களா?

வாசிப்புமேசை எழுதியது:

ஆமாம் தேன்கூடு, அதை நான் கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். 1885-ல் பழைய பத்திரிகையை நிறுத்திவிட்டு, 1886-ல் சங்கத்தின் இதழாக 'டாக்னி' தொடங்கினார் சோஃபி. முதல் ஆண்டிலேயே லாண்ட்ஸ்க்ரூனா ஊரில் பள்ளி ஆசிரியையாக இருந்த, யாருக்கும் தெரியாத ஒரு இளம்பெண்ணின் சானெட் கவிதைகளை அதில் வெளியிட்டார். அவர்தான் செல்மா. 1890-ல் 'இடுன்' என்ற வார இதழின் போட்டியில் செல்மா சில அத்தியாயங்கள் அனுப்பிப் பரிசு வாங்கினார். முழு நாவலாக்க நேரம் வேண்டும், ஆனால் பள்ளி வேலையை விட முடியாது. அவர் விடுப்பு எடுத்து எழுதப் பண ஏற்பாடு செய்து கொடுத்தவர் சோஃபி. 1891-ல் 'யோஸ்டா பெர்லிங்' நாவல் வந்தது. 1909-ல் இலக்கிய நோபல் பரிசு பெற்ற முதல் பெண்ணானார் செல்மா. அதைப் பார்க்கச் சோஃபி உயிரோடு இல்லை.

எழுதுபவருக்குப் பாராட்டு எழுதும் ஆசிரியர்கள் நிறையப் பேர். ஓராண்டு சம்பளத்துக்கு வழி செய்யும் ஆசிரியர் எத்தனை பேர்? 1863-ல் நகல் எடுக்கும் பெண்ணுக்குக் கூலி வேண்டும் என்று நினைத்தவர்தான் 1890-ல் நாவல் எழுதும் பெண்ணுக்கும் நேரத்தை விலைக்கு வாங்கிக் கொடுத்தார்.

ஸ்டாக்ஹோம்_ஈழவன் எழுதியது:

டாக்னி பிறகு 1914-ல் 'ஹெர்த்தா' என்று பெயர் மாறியது, பிரேமரின் அந்த நாவல் பெயரேதான். பிரேமரின் வாழ்க்கை வரலாற்றைச் சோஃபி தன் கடைசிக் காலத்தில் எழுதிக்கொண்டிருந்தார், முடிக்கவில்லை. அண்ணன் மகள் முறையான சிகிரிட் லெயோன்ஹூவுட் அதை முடித்து 1896-ல் இரண்டு பாகமாக வந்தது. பழைய ஸ்வீடிஷ்தான், ஆனால் வாசிக்கலாம். உங்களில் யாருக்காவது ஆர்வம் இருந்தால் சில பகுதிகளைத் தமிழில் சொல்லித் தர நான் தயார்.

வாசிப்புமேசை எழுதியது:

கட்டாயம் வேண்டும் தம்பி. 1858 சட்டத்தைப் பற்றி அதில் வரும் பகுதியிலிருந்து தொடங்குங்கள், பழையசட்டம் ஐயாவும் கூட இருந்தால் நல்லது. எல்லன் கேயோடு வந்த பிளவைப் பற்றித் தனி இழை திறக்க நாடகக்கொட்டகையைக் கேட்டுக்கொள்கிறேன். உழைப்பாளி தோழர் சொன்ன தொழிலாளிப் பெண்கள் சங்கங்களைப் பற்றி அவரே எழுதினால் இந்தப் பேச்சின் மறுபாதியும் கிடைக்கும்.